அறுபது மில்லி

ஒரு புட்டி ஒயினில் 750 மில்லி இருக்கிறது. அதைத் தலைக்கு 60 மில்லி வீதம் ஊற்றினால், அரைப் பங்கு சோதனைக்கும் சிந்தலுக்கும் போக, பன்னிரண்டு பேருக்கு வரும். விருந்துக்கு முப்பத்தாறு பேர் வருவார்களானால் மூன்று புட்டிகள் போதும். முப்பத்தெட்டுப் பேர் வந்துவிட்டாலோ நான்காவதைத் திறந்தாக வேண்டும், திறந்ததில் பத்துப் பேருக்கான பங்கு மிஞ்சி நிற்கும், மிஞ்சியதை மறுநாள் கிளாஸ் கணக்கில் விற்பதா, சமையலறைக்குக் கொடுத்துவிடுவதா என்று யோசிக்க வேண்டும். பதினேழு வருஷங்கள் நான் பார்த்த உத்தியோகத்தில் பாதி இந்தக் கணக்கிலேயே கழிந்தது. மீதிப் பாதியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவன். 1990களின் கடைசியில் ஓட்டல் நிர்வாகம் படிப்பதற்காக ஆஸ்திரேலியாவுக்குப் போய், மெல்போர்னில் பாத்திரம் கழுவும் வேலையில் நுழைந்து, அங்கிருந்து பரிமாறுகிறவனாகி, இடையே இரண்டு அறுவடைக் காலங்களில் யாரா பள்ளத்தாக்குத் தோட்டங்களில் திராட்சைக் கொத்துகளைக் கத்தரிக்கும் கூலியாளாகவும் இருந்து, முடிவில் எந்த உணவோடு எந்த ஒயின் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்து ஊற்றுகிறவனுக்குப் பிரெஞ்சுப் பாஷையில் வழங்கும் ‘சொமெலியே’ என்ற பெயரைப் பெற்றேன். மதுவின் வாடையே அறியாத குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு இந்த ஸ்தானம் கிடைத்ததை வீட்டாருக்கு எப்படித் தெரிவிப்பது என்று பல மாதங்கள் தயங்கினேன். கடைசியில் டெலிபோனில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னபோது, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவதுதான் எங்கள் தொழிலின் வழக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா கோபிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வருகிறவர்கள் எல்லோருமா குடிப்பார்கள்? குடிக்காதவர்களுக்கு நீ என்ன கொடுப்பாய்?” என்று மட்டும் கேட்டாள். “தண்ணீர் கொடுப்போம் அம்மா” என்றேன். அந்தப் பதில் அப்போது எனக்குப் பூரணமானதாகவே தோன்றியது.

நான் அதிக காலம் வேலை பார்த்த உணவகம் மெல்போர்னின் கிழக்குப் புறநகர் ஒன்றில், நகர மத்தியிலிருந்து டிராம் வண்டியில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தது. இரு மருங்கிலும் ஓங்கிய மரங்களும், அளவாக வெட்டிய வேலிச் செடிகளும், அவற்றுக்குப் பின்னால் அடக்கமான செங்கல் வீடுகளும் கொண்ட அந்தப் பிரதேசத்துக்கு ஒரு விசேஷமான சரித்திரம் உண்டு. 1920இல் விக்டோரியா மாநிலம் முழுவதும், தத்தம் வட்டாரத்தில் மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று ஜனங்களிடமே வாக்குக் கேட்டபோது, கேம்பர்வெல், பாக்ஸ் ஹில் பக்கத்து ஜனங்கள் வேண்டாம் என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பின் விளைவாக அங்கிருந்த மதுவிடுதிகள் மூடப்பட்டன. பிற்காலத்தில் மது உரிமம் கேட்டவர்கள் அக்கம்பக்கத்தாரின் வாக்கைக் கடந்து வரவேண்டும் என்ற ஏற்பாடும் பல தலைமுறைகள் நீடித்தது. அப்படிப்பட்ட ஊரில், ஒரு காலத்தில் வங்கியாக இருந்த கட்டிடத்தில், பணம் வைக்கும் இரும்பறையைப் புட்டிகள் வைக்கும் அறையாக மாற்றி, எங்கள் முதலாளி உணவகம் நடத்தினார். கனமான சுவர்களுக்குள் வருஷம் முழுவதும் வெப்பம் அதிகம் ஏறாமலும் இறங்காமலும் இருந்ததால், ஒயினுக்கு அதைவிடச் சுகமான வாசஸ்தலம் எளிதில் கிடைக்காது.

விக்டோரியாவில் மதுவும் உணவும் ஒரே மேஜையில் கூடி அமர்வதற்கே நெடுங்காலம் பிடித்தது என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1916 முதல் 1966 வரையில் அங்கே மதுவிடுதிகள் மாலை ஆறு மணிக்குக் கதவடைத்துவிடும். ஐந்து மணிக்கு வேலை விட்டு வருகிற ஆண்கள் எஞ்சிய ஒரு மணி நேரத்துக்குள் நெருக்கியடித்து நின்றுகொண்டு, பசித்த வயிற்றில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். குடியைக் குறைப்பதற்காகப் போட்ட சட்டம் குடியை உணவிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் சம்பாஷணையிலிருந்தும் பிரித்து, அவசரத்தோடு சேர்த்து வைத்துவிட்டது. பிற்பாடு பொருளியல் அறிஞர் ஜான் நியூவன்ஹைசன் தயாரித்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு 1987இல் மதுச் சட்டம் தளர்த்தப்பட்ட பிறகே சிறு உணவகங்கள் உரிமம் பெறுவது சுலபமாயிற்று. புறநகரின் முப்பது நாற்பது நாற்காலி உணவகங்களில் சாவகாசமான விருந்துகள் நடக்கத் தொடங்கியதும் அந்த வழியில்தான்.

அவற்றுள் உயர்ந்தது ‘டெகுஸ்டேஷன்’ என்று அங்கே வழங்கும் விருந்து. ருசி பார்த்தல் என்பதே அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். பெரிய தட்டில் ஒரே உணவை நிறைய வைப்பதற்குப் பதிலாக, இரண்டு மூன்று வாய் கொள்ளும் அளவில் ஆறேழு உணவுகளை ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று மூன்றரை மணி நேரத்துக்குப் பரப்பி அளிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒயின் ஒரு சிறு அளவில் கூடவே வரும். இலை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டிவிடும் நம் விருந்துக்கும் இதற்கும் ஸ்வபாவத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. நம்முடைய இலையில் எதை எதோடு சேர்ப்பது என்ற சுதந்திரம் சாப்பிடுகிறவர் கையில் இருக்கிறது. டெகுஸ்டேஷனில் அந்தச் சுதந்திரத்தை விருந்தினர் எங்களிடம் நம்பிக் கொடுத்துவிடுகிறார். நம்பிக் கொடுக்கப்பட்டதற்கு நாங்கள் உத்தரவாதிகள் என்ற எண்ணம் எனக்கு ஆரம்ப முதல் உண்டு.

பொருத்தம் என்பதைப் பலர் ஒரு ரகசிய வித்தையாக நினைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதற்கு வேண்டியதில் பாதி நம்முடைய வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும் என்று அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. முன்னால் உண்டது பின்னால் குடிப்பதின் ருசியை மாற்றுகிறது என்ற தத்துவம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. ஆர்ட்டிசோக் என்ற காய்க்கும் அதே குணம் உண்டு, அதைத் தின்றபின் எந்த ஒயினும் அசட்டு இனிப்பாகத் தோன்றும் என்று பயிற்சி வகுப்பில் ஆசிரியர் விளக்கியபோது, மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூட வாசலில் உப்புத் தொட்டு நெல்லிக்காய் விற்ற கிழவியை நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஒயினின் முக்கிய அம்சமான டானின் என்பதை விளக்குவதற்கு ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியங்கள் தேவைப்பட்டன. நமக்கோ துவர்ப்பு என்ற ஒரே சொல் போதும். அதை அறுசுவைகளில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறோம். அம்மா வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போடுவாள். துவர்க்கும் பொருள் மோரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு தன் கடுமையை இழக்கிறது. ஆட்டிறைச்சியோடும் பாலாடைக் கட்டியோடும் துவர்ப்பான ஷிராஸ் ஒயின் சாந்தமாகிவிடுவதற்கும், தேநீரில் பால் ஊற்றியதும் நாக்கின் பிடிப்பு விடுவதற்கும் காரணம் அதுவே. மிளகாய்க் காரத்தைச் சாராயச் சத்து தூண்டிவிடும். ஆகவே காரமான உணவுக்குச் சத்துக் குறைந்த, சிறிது இனிப்புள்ள வெள்ளை ஒயின் வேண்டும். மீனோடு சில சிவப்பு ஒயின்கள் உலோக வாடையைக் கிளப்புவதற்கு அவற்றில் கரைந்துள்ள இரும்புச் சத்து ஒரு காரணம். இனிப்புப் பண்டத்துக்குக் கொடுக்கும் ஒயின், பண்டத்தைவிட இனிப்பாக இல்லாவிட்டால் புளிப்பாகிவிடும். இவையெல்லாம் விதிகள். ஆனால் விதிகள் அறிந்தவனும் அன்று மாலை சமையற்காரர் கிளறி வைத்த குழம்பை ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்க்காமல் புட்டியைத் திறக்கக் கூடாது.

நான் சொல்ல வந்த விருந்து 2009ஆம் வருஷம் மே மாதத்தில், இலையுதிர் காலத்தின் கடைசியில், ஒரு வியாழக்கிழமை இரவு நடந்தது. முப்பத்தெட்டு விருந்தினர், ஏழு உணவுகள், ஏழு ஒயின்கள். ஆளுக்கு ஏழு கோப்பைகள் என்றால் 266 கோப்பைகளைக் கொதிநீர் ஆவியில் காட்டி, பஞ்சு நூல் உதிராத துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து அடுக்க வேண்டும். இந்த வேலையை இளைஞர்களிடம் விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு, நான் விட்டதில்லை. கோப்பையில் ஒட்டியிருக்கும் சோப்பு வாடையோ, பெட்டிக்குள் கவிழ்த்து வைத்ததால் தங்கிய அட்டை வாடையோ, எவ்வளவு உயர்ந்த ஒயினையும் ஒரு நொடியில் கெடுத்துவிடும். கெடுத்தது கோப்பைதான் என்று விருந்தினருக்குத் தெரியாமல், ஒயின் செய்தவனுக்குப் பழி போய்ச் சேரும்.

நான்கு மணிக்குச் சமையற்காரரும் நானும் உட்கார்ந்து அன்றைய உணவுகளையும் ஒயின்களையும் சேர்த்துச் சுவைத்தோம். முதலில் தெற்கு ஆஸ்திரேலியாவின் காஃபின் பே சிப்பி, அதற்கு நுரைக்கும் வெள்ளை ஒயின். அடுத்து, பச்சையாக மெல்லிய துண்டுகளாக அரிந்த கிங்ஃபிஷ் மீன், மேலே முத்து முத்தாக உதிரும் ஃபிங்கர் லைம் என்ற காட்டு எலுமிச்சையின் சதை, அதற்கு கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங். இரண்டும் முதல் சோதனையிலேயே சரியாக இருந்தன. மூன்றாவதான ஸ்காலப் சிப்பிக்கும் காலிஃபிளவர் மசியலுக்கும் நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பதினோரு வயதுச் செமியோன். இளமையில் எலுமிச்சம்பழச் சாறுபோல வெடவெடவென்று இருக்கும் இந்த ஒயின், ஓக் பீப்பாயின் உதவி இல்லாமலேயே, வயதேற வயதேறத் தேனும் வாட்டிய ரொட்டியும் மணக்கத் தொடங்குவது நான் கண்ட ஆச்சரியங்களில் ஒன்று.

சிரமம் நான்காவதில் வந்தது. வாத்து மார்பும், இலையுதிர் கால மழைக்குப் பின் பைன் மரங்களின் அடியில் முளைக்கும் காவி நிறக் காளானும். அதற்கு யாரா பள்ளத்தாக்கின் பினோ நுவார். மெல்போர்னுக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தப் பள்ளத்தாக்கில், யெரிங் என்ற இடத்தில், 1838இல் ரைரி சகோதரர்கள் முதல் கொடிகளை நட்டார்கள். 1877இல் ஜீலாங் பக்கத்தில் ஃபைலாக்ஸரா என்ற வேர்ப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டு, மாநிலத்தின் பல பாகங்களில் தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்ட காலத்தில் யாரா தப்பித்தது. ஆயினும் ஜனங்களின் ருசி பலமான இனிப்பு ஒயின்கள் பக்கம் திரும்பிவிட்டதால் 1920களில் அதுவும் அழிந்து மேய்ச்சல் நிலமாகி, 1960களில்தான் மீண்டும் கொடி படரத் தொடங்கியது. அந்த மண்ணில் கத்தரிக்கோல் பிடித்து வேலை செய்தவன் என்பதால் அதன் ஒயினிடம் எனக்குச் சொந்தக்காரனுக்குரிய வாஞ்சை உண்டு. அன்று அது வாயில் தண்ணீராக நின்றது. சமையற்காரர் முந்திய தினம் செய்து காட்டிய குழம்பில் சீமை மாதுளை என்று நாம் சொல்லும் குவின்ஸ் பழத்தின் காடியை இன்னும் ஒரு மடங்கு கூட்டியிருந்தார். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் உயிரற்றுப் போகும். அவர் குழம்பு அவருக்குப் பெரிது, என் ஒயின் எனக்குப் பெரிது. கால் மணி நேரம் வாதாடினோம். பிறகு அவரே ஒரு துண்டு வெண்ணெயையும் இரண்டு சிட்டிகை உப்பையும் சேர்த்துக் கிளறி என் பக்கம் கரண்டியை நீட்டினார். புளிப்பு அடங்கியது, பினோ எழுந்து நின்றது. விட்டுக்கொடுத்தவர் அவர் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஐந்தாவது ஆட்டுத் தோள்கறியும் சுட்ட பீட்ரூட்டும், அதற்கு ஹீத்கோட் பக்கத்து ஷிராஸ். ஆறாவது நீலப் பூஞ்சை படர்ந்த பாலாடைக் கட்டி. அதோடு டி போர்ட்டோலி குடும்பத்தார் 1982இல் முதன்முதலாகச் செய்த ‘நோபில் ஒன்’, திராட்சை மேல் படரும் ஒரு வகைப் பூஞ்சையே தண்ணீர்ச் சத்தை உறிஞ்சி இனிப்பைத் திரட்டிக் கொடுப்பதால் உண்டாகும் பொன்னிற ஒயின். கடைசியில் கறுப்புச் சாக்லேட்டும் அத்தியும் சேர்ந்த இனிப்பு. அதற்கு ரதர்க்லன் மஸ்கட். கொடியிலேயே பழம் உலர்ந்து சுருங்கும் வரையில் காத்திருந்து பறித்து, புளிக்கத் தொடங்கிய சாற்றைச் சாராயம் சேர்த்துப் பாதியில் நிறுத்தி, வெயில் தாக்கும் தகரக் கொட்டகைகளில் பழைய பீப்பாய்களில் வருஷக் கணக்காக வைத்திருந்து எடுப்பது அது. முதல் ஐந்துக்கும் 60 மில்லி, கடைசி இரண்டுக்கும் 45 மில்லி என்று வைத்தேன். ஆஸ்திரேலியக் கணக்கில் பத்து கிராம் சாராயச் சத்து ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’. அன்றைய ஏழும் சேர்ந்து ஏறக்குறைய நான்கு வரும். இரத்தத்தில் 0.05 சதவீதம் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். எத்தனை பேர் டிராமில் வருகிறார்கள், எத்தனை பேர் தாங்களே வண்டி ஓட்டிப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்வதும் என் வேலை. அளவைக் கூட்டிக் கொடுத்தால் விருந்தினர் மகிழ்வார்கள் என்று எண்ணும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது உணவில் நாக்கு மரத்துப் போனவருக்கு ஏழாவது உணவைச் சமைத்தவனின் உழைப்பு போய்ச் சேராது.

ஏழு மணிக்கு விருந்து தொடங்கியது. தட்டு வருவதற்கு ஓரிரு நிமிஷம் முன்பாகவே ஒயின் கோப்பையில் இருக்க வேண்டும். முகர்ந்து பார்த்து ஒரு வாய் அருந்துவதற்கும் தட்டு இறங்குவதற்கும் சரியாக இருக்கும். அதற்காகச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டுகள் கைமாறும் மேடையின் மேல்தான் என் ஒரு கண் எப்போதும் இருக்கும். எங்கள் தொழிலில் அதைப் ‘பாஸ்’ என்பார்கள். செமியோனின் மூன்றாவது புட்டியைத் திறந்ததும் ஈர அட்டைப்பெட்டியின் வாடை வந்தது. கார்க்கில் உண்டாகும் ட்ரைக்ளோரோஅனிசோல் என்ற பொருள் ஒரு லிட்டரில் சில நானோகிராம் கலந்திருந்தாலும் போதும், பழ வாசனை முழுவதும் அமுங்கிவிடும். கிளேர் பள்ளத்தாக்கின் ஒயின்காரர்கள் பலர் 2000ஆம் வருஷத்து ரீஸ்லிங்கைத் திருகு மூடியில் அடைக்கக் கூடித் தீர்மானித்தது இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். பழைய புட்டிகளில் கார்க் இன்னும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு புட்டியையும் ஊற்றுமுன் நானே முகர்ந்துவிடுவேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைத் திறந்துகொண்டு ஜன்னல் ஓரத்து மேஜைக்குப் போனேன்.

அங்கே ஆறு பேர் இருந்தார்கள். அறுபதாவது பிறந்த நாளைக் கொண்டாடும் ஒருவர், அவர் மனைவி, இரண்டு மகள்கள், ஒரு மருமகன், எண்பத்துநான்கு வயதான அவருடைய தாயார். விருந்தின் தொடக்கத்தில் அந்த அம்மையார், தாம் மது அருந்துவதில்லை என்று சொன்னார். அப்படிச் சொன்னால் அவர் முன்னால் உள்ள ஒயின் கோப்பைகளை உடனே எடுத்துவிடுவது எங்கள் தொழிலின் வழக்கம். நானும் புன்னகையோடு மூன்று கோப்பைகளையும் விரல்களுக்கிடையே கோத்து எடுத்துப் போய்விட்டுத் தண்ணீர்க் கோப்பையை நிரப்பினேன். மரியாதையாகச் செய்ததாகவே நினைத்தேன். மூன்றாம் முறை அந்த மேஜைக்கு வந்து செமியோனின் வயதையும் ஊரையும் சொல்லி முடித்துத் திரும்பும்போது, அவர் என் கையை மெதுவாகத் தொட்டு நிறுத்தினார். குரலில் குறை சொல்லும் பாவம் சிறிதும் இல்லை. “நீங்கள் கதை மிக அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் என் தலைக்கு மேலாகச் சொல்கிறீர்கள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனபோது என்னையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டீர்களே” என்றார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மூன்று தடவை அந்த மேஜைக்கு வந்து மூன்று தடவையும் ஐந்து முகங்களைப் பார்த்துப் பேசியிருந்தேன். ஆறாவது முகத்தை என் கண் தாண்டிப் போயிருந்தது. வெள்ளை மேஜைத் துணியின் மேல் மற்ற எல்லோர் முன்னாலும் விளக்கொளியில் கோப்பைகள் மினுங்க, அவர் முன்னால் மட்டும் ஒரு வெற்றிடம். “தண்ணீர் கொடுப்போம் அம்மா” என்று நான் பல வருஷங்களுக்கு முன் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. “எனக்குக் கால் மணி அவகாசம் கொடுங்கள், அம்மா” என்று கேட்டுக்கொண்டு, அவர் இடத்தில் மீண்டும் மூன்று கோப்பைகளை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

முப்பத்தெட்டுப் பேருக்குப் பரிமாறிக்கொண்டிருக்கும் சமையலறையில் புதிதாக ஒன்றைச் செய்ய இடம் கேட்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சமையற்காரர் ஏறிட்டுப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அடுப்பின் ஓரத்துக் கண் ஒன்றைக் காட்டிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். கறுப்புத் தேயிலை இருந்தது. ஒயினுக்குள்ள துவர்ப்பு தேநீருக்கும் உண்டு. பழுக்காத திராட்சையைப் பிழிந்து எடுக்கும் வெர்ஜூஸ் என்ற புளிப்புச் சாறு இருந்தது. 1984இல் பரோஸாவில் மேகி பியர் அதை விற்பனைக்குச் செய்யத் தொடங்கியதிலிருந்து ஆஸ்திரேலியச் சமையலறைகளில் அதற்கு நல்ல இடம் உண்டு. குவின்ஸ் பழம் வேகவைத்த பாகு இருந்தது. சுட்ட பீட்ரூட்டின் சாறு தட்டில் தேங்கிக் கிடந்தது. வாத்துக்குத் தேநீரை அடர்த்தியாக வடித்துப் பனிக்கட்டிப் பாத்திரத்தில் ஆற்றி, காளான் ஊறிய நீரில் இரண்டு கரண்டியும், பாகு அரைக் கரண்டியும் சேர்த்தேன். வாயில் வைத்துப் பார்த்தேன். துப்ப வேண்டிய அவசியம் இல்லாமல் விழுங்கிவிட்ட அந்த நிமிஷம் எனக்கு விநோதமாக இருந்தது.

பினோவுக்கு உரிய அகலமான கோப்பையில் மற்றவர்களுக்கு ஊற்றியது போலவே 60 மில்லி அளந்து ஊற்றி, இந்த முறை அவரைப் பார்த்து, தேயிலையின் துவர்ப்பு ஏன் வாத்தின் கொழுப்புக்கு இசைகிறது என்று சொன்னேன். அவர் கோப்பையைச் சுழற்றினார். மகனைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார் போலும். முகர்ந்தார். ஒரு வாய் அருந்தி, வாத்தை உண்டு, மறுபடி அருந்தினார். பிறகு பேத்தியின் பக்கம் கோப்பையை நகர்த்தி, “இதைக் கொஞ்சம் குடித்துப் பார்” என்றார். அன்று இரவு முதன்முறையாக அந்த மேஜையில் ஒரு கோப்பை அவரிடமிருந்து கைமாறியது.

ஆட்டிறைச்சிக்குப் பீட்ரூட் சாற்றில் வெர்ஜூஸும் இடித்த மிளகும். பாலாடைக் கட்டிக்குக் குவின்ஸ் பாகும் வெர்ஜூஸும். இவை இரண்டும் சுமாராகவே அமைந்தன. பீட்ரூட்டில் மண்வாடை மேலோங்கி நின்றது. கடைசி இனிப்புக்கு என்ன செய்வது என்று புரியாமல் நின்றேன். மஸ்கட்டை முகர்ந்து பார்த்தால் உலர்ந்த திராட்சை, கருகின சர்க்கரை, ஆரஞ்சுத் தோல். சர்க்கரையை வாணலியில் கருக்கி, வெந்நீர் ஊற்றி, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சையையும் ஆரஞ்சுத் தோலையும் போட்டு மூடி, அரை மணி கழித்து வடிகட்டினேன். நிறத்தைப் பார்த்ததும் பானகம் ஞாபகத்துக்கு வந்தது. ராமநவமியன்று அம்மா பித்தளை டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாளே, அந்த நிறம்.

கூட்டம் கலையத் தொடங்கியபின் அந்த அம்மையார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வேலை நேரத்தில் விருந்தினர் மேஜையில் உட்காருவது வழக்கமில்லை, அன்று உட்கார்ந்தேன். 1920இல் மதுக்கடை வேண்டாம் என்று வாக்களித்தவர்களில் தம்முடைய தாயாரும் ஒருத்தி என்றும், துண்டுப் பிரசுரங்களைச் சுமந்துகொண்டு அதே தெருக்களில் வீடுவீடாக ஏறி இறங்கினவள் என்றும் சொன்னார். விக்டோரியாவின் பெண்களுக்கு மாநிலத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1908இல்தான். கிடைத்த வாக்கை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதில் அந்தத் தாயாருக்குச் சந்தேகமே இருக்கவில்லையாம். ஏனெனில் செங்கல் சூளையில் வேலை பார்த்த அவளுடைய தகப்பனார் சம்பள நாளில் ஆறு மணிக்குள் கூலியில் பாதியைக் குடித்துவிட்டு வருகிறவர். “என் தாயார் இந்த அறையைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்” என்றார். என்ன முடிவுக்கு வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகன் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்க, எழுந்து, என் இரு கைகளையும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

நள்ளிரவுக்கு மேல் கோப்பைகளைக் கழுவும்போது அவருடைய கடைசிக் கோப்பை என் கைக்கு வந்தது. அடியில் ஓர் உலர்ந்த திராட்சையின் தோல் ஒட்டியிருந்தது, சரியாக வடிகட்டவில்லை. மறுவாரம் முதலாளியிடமும் சமையற்காரரிடமும் பேசி, டெகுஸ்டேஷன் பட்டியலில் மது சேராத ஏழு பானங்களை வரிசைக்கு வரிசை எழுதி வைக்கவும், மது வேண்டாம் என்பவரின் கோப்பைகளை யாரும் எடுக்கக் கூடாது என்று பரிமாறுகிறவர்களுக்கு உத்தரவிடவும் சம்மதம் பெற்றேன். பீட்ரூட் பானத்தைச் சீர்படுத்த மட்டும் இரண்டு மாதம் பிடித்தது. மண்வாடையைப் போக்கச் செர்ரிப் பழச் சாறு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வாத்தையும் ஆட்டையும் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டுச் சொன்னேன். திராட்சைப் பானகம் வரையில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், “சுக்கு தட்டிப் போட்டாயோ?” என்றாள்.

“போடவில்லை, அம்மா.”

“ஏலக்காய்?”

“அதுவும் போடவில்லை.”

“சுக்கில்லாமல் என்ன பானகம்? அந்த அம்மாளுக்கு வயசாகியிருக்கும், ஜீரணம் ஆகவேண்டாமா?” என்றாள். திங்கட்கிழமை காலை இந்தியச் சாமான் கடைக்குப் போய்ச் சுக்கும் ஏலக்காயும் வாங்கி வந்து, திராட்சையோடு சேர்த்து ஊறவைத்து, சாக்லேட்டுடன் சமையற்காரரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை சுவைத்துவிட்டு, சாக்லேட்டில் சர்க்கரையைச் சிறிது குறைத்துக்கொள்கிறேன் என்றார்.